குரல் போன ரீச்சருக்கு அம்மாளாச்சி நடத்திக் கொடுத்த வகுப்பு

போன வருடம் வைகாசி மாதம். தென்மேற்கில் இருந்து அடிக்கிற சோளகக் காற்று வலுக்கத் தொடங்கியிருந்தது. பின்னேர ரியூசனில் ஓ.எல். சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சமன்பாடு படிப்பித்துக்கொண்டு நின்றேன். "இரண்டு பக்கமும்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். "இர" என்பது மட்டும் வந்தது. மிச்சம் வெறும் காற்று. நான் பகிடி விடுகிறேன் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். செருமிவிட்டு மறுபடி முயன்றேன். காற்றுதான் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

பல வாரமாகவே குரல் கரகரத்துக்கொண்டிருந்தது. கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடித்துவிட்டுக் கத்திக்கொண்டே இருந்தேன். ரியூசன் ஆசிரியருக்கு வேறு என்ன முதல் இருக்கிறது? ஒரு கரும்பலகை, பிள்ளைகள் இருக்கச் சில வாங்குகள், ஒரு தொண்டை. பலகையையும் வாங்கையும் யாரும் செய்துகொள்ளலாம்.

எங்கள் தீவின் அம்மனான அம்மாளாச்சியின் அடியார்களில் என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் தவமலர். நயினாதீவில் பிறந்து நயினாதீவிலேயே இருக்கிறேன். உயர்தரத்தில் கணிதம் படித்தேன். அதற்கு மேலே படிக்கச் சண்டைக் காலம் விடவில்லை. காலையில் கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கெழுதுகிறேன். அந்தச் சம்பளம் அரிசி மாவோடு முடிந்துபோகும். என் மனுசன் யோகன் தீவுக்குச் சனம் ஏற்றுகிற லோஞ்சில் வேலை செய்தவர். தோள் முறிந்த பிறகு பாரமான வேலை எதுவும் செய்ய முடியாது. ஒரே மகள் மட்டக்களப்பில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளுடைய படிப்பும் சாப்பாடும் தங்குமிடமும், வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள தகரக் கொட்டிலில் பின்னேரங்களில் நான் கத்துகிற கத்தலில்தான் நடந்தன. குரல் போனது என்றால் எனக்கு என்ன போனது என்று இப்போது விளங்கும்.

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர், பெண்பிள்ளை, மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்.

"குரல்நாணிலை ஒரு வளர்த்தி கிடக்கு அம்மா. வெட்டி எடுக்கவேணும். எடுத்துச் சோதிச்சுப் பாத்தாத்தான் என்னெண்டு சொல்லலாம்" என்றார்.

யோகன் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "புற்றுநோயோ டொக்டர்?"

"அப்பிடியெண்டு நான் சொல்லேல்லை. இல்லையெண்டு சொல்லவும் இப்ப ஏலாது. அதுவரைக்கும் ஒரு சத்தமும் வேண்டாம் அம்மா. குசுகுசுக்கவும் கூடாது. அது இன்னும் கெடுதல்."

திரும்பி வரும்போது குறிகட்டுவான் துறையில் ஏறிய லோஞ்ச் நிறையக் கோயிலுக்குப் போகிற சனம். கடல் கொந்தளிப்பாக இருந்தது. எல்லோரும் அம்மாளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்கு அது கூட முடியவில்லை. வாயை மூடிக்கொண்டு, மகள் பட்டம் வாங்குகிறதைப் பார்ப்பேனா என்று நினைத்தேன். அழுதேன். அழுதாலும் சத்தம் வரவில்லை.

பிறகு தொடங்கியது ஊரின் அன்பு.

முதலில் வந்தவர் பக்கத்து வீட்டுச் சரசக்கா. கையில் தோடம்பழப் பை. கதிரையில் இருந்து, என்னைப் பார்க்காமல் யோகனைப் பார்த்துச் சொன்னார்.

"நான் சொல்லுறனெண்டு குறை நினைக்காதை தம்பி. இவளின்ரை வாய் தெரியுந்தானே. ஆரை விட்டவள்? அம்மாளாச்சி பாத்துக்கொண்டுதானே இருக்கிறா. வாய்க்குத்தான் தண்டனை குடுத்திருக்கிறா."

குறை நினைக்காதே என்று தொடங்குகிற எவரும் குறையைத் தவிர வேறு எதையும் கொண்டுவருவதில்லை. எனக்குக் குரல் இருந்திருந்தால் அன்றைக்குச் சரசக்கா தோடம்பழத்தையும் தூக்கிக்கொண்டு போயிருப்பார். அம்மாளை அண்டம் முழுவதையும் காக்கிறவள் என்று இவர்களே பாடுகிறார்கள். அப்படிப்பட்டவள் எல்லா வேலையையும் போட்டுவிட்டு, ஒரு சங்கக்கடைக் கணக்குக்காரியின் வாயை அடைக்க வந்து நிற்கிறாளாம். சரசக்காவின் மனத்தில் உள்ள அம்மாள் சரசக்காவைப் போலவே இருக்கிறாள். அவளை நான் கும்பிடுவதில்லை.

சங்கக்கடையில் வேறு கூத்து. குரல் போனவளுக்குக் காதும் போய்விட்டது என்று சனம் தீர்மானித்துவிட்டது. "பருப்பூ! பருப்பூ!" என்று என் முகத்துக்கு நேரே கத்தினார்கள். ஓர் ஓய்வுபெற்ற அதிபர் கையால் பருப்பு வடிவத்தை வரைந்து காட்டினார். இவர்தான் ஒரு தலைமுறைக்கே புத்தி சொன்னவர். கனடாவில் இருக்கிற மச்சாள் தொலைபேசியில் தினமும் ஒரு வைத்தியம் அனுப்பினாள். வெங்காயச் சாறு, வேப்பெண்ணெய், கடைசியில் யாரோ அருள்வாக்குச் சொல்கிற அம்மாவின் விலாசம். நான் எப்படி இருக்கிறேன் என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை.

இவர்கள் எல்லோரையும் தாங்கலாம். சுதன் சேரைத் தாங்குவதுதான் கடினமாக இருந்தது.

சுதன் சேர் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ரியூசன் நடத்துகிறவர். தீவுகளையும் பிடிக்கவேண்டும் என்று கனகாலமாக ஆசை. நான் ஊமையான செய்தி கேட்டு முதல் லோஞ்சிலேயே வந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே எங்கள் விறாந்தையில் இருந்தார்.

"அக்கா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. உங்கடை பிள்ளையளை நான் பாக்கிறன். நீங்கள் வடிவா றெஸ்ற் எடுங்கோ."

நான் சிலேற்றை எடுத்து, "யார் கேட்டது?" என்று எழுதிக் காட்டினேன்.

வாசித்துவிட்டுச் சிரித்தார். "அக்காவுக்கு எப்பவும் பகிடிதான்."

இறங்குதுறைக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த ஒரு கடையை அவர் ஏற்கெனவே வாடகைக்கு எடுத்துவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. சனி ஞாயிறில் வகுப்பு. அந்தச் சின்னக் கடைக்குள் மைக் பூட்டி, இரண்டு ஒலிபெருக்கியும் வைத்துப் படிப்பித்தார். முன்வாங்கில் இருக்கிற பிள்ளையின் மூக்கு அவருடைய சேட்டில் முட்டும். அந்தப் பிள்ளைக்கும் மைக்கில்தான் சொல்லுவார். பெற்றோருக்கு அது பெரிய வகுப்பாகத் தெரிந்தது. எவ்வளவு சத்தமோ அவ்வளவு படிப்பு என்று நினைக்கிற சனம். என்னுடைய பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒரு தாய் வந்து சொல்லிவிட்டுப் போனாள்: "குறை நினைக்காதேங்கோ ரீச்சர், சோதினை வருகுதெல்லே." மற்றவர்கள் சொல்லவும் இல்லை. ஒரு திங்கட்கிழமை வகுப்பு நேரத்தில் கொட்டிலுக்குப் போனேன். வாங்குகள்தான் இருந்தன.

அந்த நாட்களில் வீட்டில் ஒரு மாற்றம் நடந்தது. யோகன் பேசுகிற மனுசன் இல்லை. கேட்டால்தான் பதில் வரும். அவர் திடீரென்று பேசத் தொடங்கினார். குசினியில் மீன் வெட்டிக்கொண்டு மீனைப் பற்றிப் பேசினார். லோஞ்ச் பிந்தியது, யாருடைய ஆடோ வேலி பாய்ந்தது, எல்லாம் சொன்னார். நான் ஏன் என்று கையால் கேட்டேன்.

"நீ கதைக்காட்டி வீடு செத்த வீடு மாதிரிக் கிடக்கு. அதுதான் நான் கதைக்கிறன். எனக்கு வடிவாக் கதைக்கத் தெரியாது. பொறுத்துக்கொள்" என்றார்.

ஊர் முழுவதும் என் வாய் அடைபட்டதைக் கொண்டாடியபோது, அதில் ஒருவர் மட்டும் என் சத்தத்தைத் தேடினார். அன்றைக்குத்தான் கோயிலுக்குப் போகவேண்டும் என்று தோன்றியது.

ஆனித் திருவிழா நடந்துகொண்டிருந்தது. சனம் கடல் போல வந்து இறங்கியது. அந்த நேரம் நான் போகவில்லை. அந்தச் சத்தத்துக்குள் எனக்கு வேலை இல்லை. திருவிழா முடிந்து, கடைக்காரர் கொட்டில்களைப் பிரித்துக்கொண்டு போன பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போனேன். பூசை முடிந்து கோயில் வெறிச்சோடிக் கிடந்தது. மூலஸ்தானத்துக்கு நேரே நின்றேன்.

நான் நேர்த்தி வைக்கவில்லை. அதைச் சொல்லவேண்டும். பட்டுச் சேலை தருகிறேன், பொங்கல் வைக்கிறேன் என்று ஆளுக்கு ஆள் அம்மாளோடு விலை பேசுகிறார்கள். சந்தையில் மீன்காரியிடம் அப்படி விலை பேசினால் அவள் கூடையை மூடிவிடுவாள். அம்மாள் பொறுமைசாலி. மனத்துக்குள் நான் இப்படித்தான் சொன்னேன்:

"தாயே, எனக்குக் குரல் வேணும். என்னட்டைத் தர ஒண்டும் இல்லை, உனக்கும் ஒண்டும் தேவையில்லை. வருத்தம் பொல்லாததெண்டால் என்ரை பிள்ளையை நீ பார். குரல் தர விருப்பமில்லையெண்டால் வேறை வழி காட்டு. அந்தப் பிள்ளையளை மட்டும் மைக்குக்குள்ளை விட்டுடாதை. அதுகளுக்கு ஒண்டும் விளங்காமல் சோதினைக்குப் போகப்போகுதுகள்."

கோபத்தோடுதான் சொன்னேன். கண்ணீர் வந்தது. ஐயர் ஒன்றும் கேட்காமல் விபூதியும் ஒரு செவ்வரத்தம்பூவும் தந்தார். ஊரில் என்னிடம் புத்தி சொல்லாத இரண்டாவது ஆள் அவர்.

வீட்டுக்கு வந்தேன். கொட்டிலுக்குள் சத்தம் கேட்டது. யாரோ ஆடு விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். நாலு பிள்ளைகள் இருந்தார்கள். பள்ளிக்கூட உடுப்போடு நேரே வந்திருந்தார்கள். முன்னால் நின்றவள் தர்சிகா. என் வகுப்பில் மிக அதிகமாக அலட்டுகிறவள்.

"ரீச்சர், அங்கை கேள்வி கேக்க ஏலாது" என்றாள். "நாங்கள் கேக்கிறது அவருக்குக் கேக்காது. மைக் இரையுது. எழுதுங்கோ, எழுதுங்கோ எண்டுதான் சொல்லுறார். ஒண்டும் விளங்கேல்லை."

நான் என் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். கையை விரித்தேன்.

"அது தெரியும் ரீச்சர். நீங்கள் கதைக்க வேண்டாம். நாங்கள் கதைக்கிறம். பிழையெண்டால் மேசையிலை தட்டுங்கோ."

நான் அம்மாளிடம் கேட்ட வேறு வழி அது. கேட்டுவிட்டு வீடு வந்து சேருமுன்னே அங்கே வந்து இருந்தது. இதைத் தற்செயல் என்று சொல்ல விரும்புகிறவர்கள் தாராளமாகச் சொல்லலாம். அவர்களுக்கு விளங்கப்படுத்த எனக்கு அப்போது குரல் இல்லை. இப்போது குரல் இருக்கிறது, விருப்பம் இல்லை.

வகுப்பு இப்படி நடந்தது. நான் பலகையில் ஒரு கணக்கை எழுதுவேன். ஒரு பிள்ளை எழும்பி வந்து மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டும். பிழைத்தால் அடிமட்டத்தால் மேசையில் தட்டுவேன். எங்கே பிழை என்று காட்டமாட்டேன். அவர்கள்தான் தேடவேண்டும். முதல் வாரம் ஒரே தட்டல். தர்சிகா வட்டத்தேற்றத்தை அடித்து விளாசினாள். "விளங்கேல்லை" என்றான் நால்வரில் ஒருவனான கவின். மறுபடி சொன்னாள். "இன்னும் விளங்கேல்லை" என்றான். மூன்றாவது தரம் சொல்லிக்கொண்டு போகும்போது அவளே நடுவில் நின்றுவிட்டாள்.

"ஐயோ ரீச்சர், எனக்கும் விளங்கேல்லை!" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்ததால் மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினேன். ஆனால் அன்றைக்கு இருவரும் இருட்டுப்படுமுன் அந்தத் தேற்றத்தைப் பிடித்துவிட்டார்கள். எங்களுடைய ரியூசன் தொழில் என்ன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் கத்துகிறோம், அவர்கள் எழுதுகிறார்கள், பெற்றோர் சந்தோசப்படுகிறார்கள். நாடு முழுவதும் இந்த நாடகம்தான் நடக்கிறது.

அந்த நால்வரில் ஒருத்தி நிலா. நெடுந்தீவில் இருந்து வந்து மாமி வீட்டில் நின்று படிக்கிற பெட்டை. என் வகுப்பில் அவள் குரலை நான் கேட்டதே இல்லை. கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். நான் சத்தம் போட்டால் அழுதுவிடுவாள். அவளுடைய முறை வந்தபோது பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் ஒன்றும் செய்யவில்லை, செய்யவும் முடியாது. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்லச் சொல்லத் தொடங்கினாள். பிழை இல்லை. ஓர் இடத்திலும் நான் தட்டவில்லை. முடித்ததும் கவின் கேட்டான்: "நீ இவ்வளவு நாளும் எங்கையடி இருந்தனி?"

ஆடி மாதத்தில் எனக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. பிள்ளைகள் நான் இல்லாத நாட்களிலும் கொட்டிலைத் திறந்து தங்களுக்குள் படித்தார்கள். யோகன் மேசையில் தட்டுகிற பதவியை ஏற்றுக்கொண்டார். சரியோ பிழையோ, சந்தேகம் வந்தபோதெல்லாம் தட்டினாராம்.

வெட்டி எடுத்த வளர்த்தியின் சோதனை முடிவு வரும்வரை இருந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். மகள் தொலைபேசி எடுத்தால் நான் பேச முடியாது. அவள் பேசுவாள், நான் போனில் விரலால் தட்டுவேன். ஒருநாள் அவள் நடுவில் அழுதுவிட்டாள். "அம்மா, கதைக்காட்டிலும் பரவாயில்லை, இருந்தால் போதும்" என்றாள். அன்று முழுவதும் நான் அம்மாளின் படத்துக்கு முன்னால் இருந்தேன். அப்போது என்னிடம் ஏளனமும் இல்லை, கோபமும் இல்லை. பயம் மட்டும் இருந்தது.

முடிவைச் சொன்னபோது அந்த இளம் டொக்டர் சிரித்தபடியே வந்தார். "பொல்லாத வருத்தம் ஒண்டும் இல்லை அம்மா. சும்மா வளர்த்திதான். இனி மெல்ல மெல்லக் கதைச்சுப் பழகலாம்." யோகன் டொக்டருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய பேச்செல்லாம் வீட்டிலேயே தீர்ந்துபோயிருந்தது.

பயிற்சிக்குப் பிறகு குரல் வந்தது. பழைய குரல் இல்லை. தடித்து, கரகரத்து, ஆம்பிளைக் குரல் போல. சத்தமாகப் பேச முடியாது. அது போதும்.

இதற்கிடையில் சோளகம் இன்னும் பலத்தது. கடல் கொஞ்சம் எழும்பியதும் சுதன் சேருக்கு லோஞ்ச் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு சனி வரவில்லை, பிறகு ஒரு ஞாயிறும் வரவில்லை. பிறகு கடை பூட்டிக் கிடந்தது. மைக்கை மட்டும் யாரோ வந்து கழற்றிக்கொண்டு போனார்கள். போன பெற்றோர் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். "எங்கடை ரீச்சரைப் போல வருமே" என்றார்கள். அந்த முகங்களைப் பார்க்கவேண்டும். நான் பிள்ளைகளை எடுத்துக்கொண்டேன். பெற்றோருக்காக எடுக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் தாயையும் தகப்பனையும் தெரிந்தெடுத்துக்கொண்டு பிறக்கவில்லை.

ஓ.எல். சோதனை நடந்து முடிந்து பெறுபேறும் வந்தது. என்னிடம் இருந்த எல்லோரும் கணிதத்தில் சித்தியடைந்தார்கள். நிலாவுக்கும் தர்சிகாவுக்கும் மிக நல்ல பெறுபேறு. கொட்டிலுக்கு வந்து எல்லோரும் கத்தினார்கள். என்னால் கத்த முடியாததால் மேசையில் தட்டினேன்.

அடுத்த கிழமை இறங்குதுறையில் ஒரு பெரிய பதாகை தொங்கியது. நடுவில் சுதன் சேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். சுற்றிவர என் பிள்ளைகளின் படங்கள். நிலாவும் இருந்தாள். "எமது வகுப்பின் சாதனை மாணவர்கள்" என்று எழுதியிருந்தது. இரண்டு கிழமை தன்னுடைய இரைச்சலைக் கேட்ட பிள்ளைகளைத் தன்னுடையவர்கள் என்கிறார். வெட்கம் என்பதை இந்த மனிதன் ரியூசனில்கூடப் படித்திருக்கவில்லை.

அன்றைக்கு அவரே பதாகைக்குக் கீழே நின்று புது வகுப்புக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். லோஞ்சுக்கு நின்ற சனம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவரை நோக்கி நடந்தேன். வந்த குரல் மறுபடி போனாலும் போகட்டும் என்று நினைத்தேன். அதற்கு முன்னே நெடுந்தீவுக்குப் போக நின்ற நிலா பையை மாமியிடம் கொடுத்துவிட்டு அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"சேர், நான் உங்களிட்டைப் படிக்கேல்லை" என்றாள்.

"என்ன பிள்ளை? என்ரை வகுப்புக்கு வந்தனீர்தானே."

"வந்தனான். ஒண்டும் விளங்கேல்லை எண்டு திரும்பிப் போனனான். என்னைப் படிப்பிச்சவா தவமலர் ரீச்சர். என்ரை படத்தைக் கழட்டுங்கோ."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் இறங்குதுறை முழுவதும் கேட்டது. சனம் சிரித்தது. சரசக்காவும் அங்கே நின்றார். அவரும் சிரித்தார், எப்போதும் வெல்லுகிற பக்கம் சிரிக்கிறவர். சுதன் சேர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்னேரம் பதாகை இல்லை.

நான் ஒரு சொல்லும் பேசவில்லை. பேசத் தேவை இருக்கவில்லை. வீட்டுக்குப் போகாமல் நேரே கோயிலுக்குப் போய் அம்மாளுக்கு முன்னால் இருந்து வாய்விட்டு அழுதேன். இந்தமுறை சத்தம் வந்தது.

இப்போதும் அந்த வகுப்பை அதே மாதிரித்தான் நடத்துகிறேன். பிள்ளைகள் பேசுகிறார்கள், நான் கேட்கிறேன். குரல் வந்த பிறகும் மாற்றவில்லை. மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது. அதுவும் நடக்கும். யோகன் பழையபடி பேச்சைக் குறைத்துவிட்டார். ஆனாலும் மீன் வெட்டும்போது ஏதாவது சொல்லுவார்.

அடியார்களே, என் வாய் திருந்திவிட்டது என்று யாரும் எதிர்பார்க்கவேண்டாம். சரசக்காவிடம் விசாரித்தால் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். உங்களுக்கும் ஒரு நாள் எல்லாம் அடைபடும். அப்போது தோடம்பழத்தோடு வருகிறவர்களைக் கேட்காதீர்கள். அம்மாளோடு விலை பேசாதீர்கள். சனம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கோபம் வந்தால் கோபத்தோடு சொல்லுங்கள். குரல் இல்லாவிட்டால் மனத்துக்குள் சொல்லுங்கள். நான் அப்படித்தான் சொன்னேன். கேட்டாள். கேட்டதைத் தந்தாள், கேட்கத் தெரியாததையும் சேர்த்துத் தந்தாள்.

வெள்ளிக்கிழமைகளில் பூசையில் நானும் தேவாரம் படிக்கிறேன். இந்தக் குரலைக் கேட்டு முன்னால் நிற்கிறவர்கள் முகத்தைச் சுளித்துத் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். அவர்களுக்காகப் படிக்கவில்லை.